ரோதை முனிக்கு ஒரு சேவல் பாக்கி

அத்தியாயம் 5

பெல்மதுளைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் றம்ஸியா கைப்பையைத் திறந்து அந்தப் புகைப்படத்தை மூன்றாம் தடவையாகப் பார்த்தாள்.

"இது எட்டுப் பவுன் சங்கிலி திருடுற மூஞ்சியா சேர்? கடைக்காரன் தெரியாம ஒரு தோடம்பழம் கூடப் போட்டுட்டான்னு ஒன்றரைக் கட்டை தூரம் திரும்பி நடக்குற மூஞ்சி இது."

அவளுடைய முதலாளி, துப்பறிவாளர் பாக்கியநாதன், குடையை விரித்தார். மழை இல்லை, வெயில்தான். முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது ஆண்டவருடைய வேலை, செருப்புத் தேய நடப்பது நம்முடைய வேலை என்று சொல்லிவிட்டு நடந்தார்.

படத்தில் இருந்தவள் விஜயகலா. இருபத்திரண்டு வயது. பெல்மதுளைக்கு மேலே மஞ்சக்கல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் மருதாயியின் மகள். நான்கு வருடமாகக் கொழும்பில் கிருஷ்ணராஜ் என்பவரின் வீட்டில் வேலை செய்தவள். கிருஷ்ணராஜ் 'வெண்நாரை' என்ற சிறிய விமானக் கம்பனியின் முகாமையாளர். போரினால் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை மூடிக் கிடந்த காலம் அது. இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே அவருடைய விமானங்கள் பறந்தன. வேறு வழியில்லாத சனம் வரிசையில் நின்று டிக்கட் வாங்கியது.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, பலாலியிலிருந்து கிளம்பிய வெண்நாரை ஒன்று வடக்குக் கடலுக்கு மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒருவரும் தப்பவில்லை. முப்பத்தெட்டுப் பெயர்கள் பத்திரிகையில் வந்தன. "அந்த வான்வழியில் ஆபத்து இருப்பதாக எங்களுக்கு எந்த முன்னறிவித்தலும் வரவில்லை" என்று அதே பக்கத்தில் கிருஷ்ணராஜின் அறிக்கையும் வந்தது.

அந்த முப்பத்தெட்டில் விஜயகலாவின் பெயர் இல்லை.

கிருஷ்ணராஜ் பாக்கியநாதனிடம் சொன்ன கதை இது. யாழ்ப்பாணத்தில் இருந்த, முழங்கால் முடியாத தன் மாமியாரைக் கொழும்புக்கு அழைத்துவர விஜயகலாவை அனுப்பினார். மாமியார் கப்பலில் திருகோணமலைக்கு வந்து சேர்ந்துவிட்டார். புறப்படுவதற்கு முதல்நாளே விஜயகலா சங்கிலியைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள். இயக்கத்துக்குத்தான் போயிருப்பாள். அவர் கொடுத்த முறைப்பாட்டின் பேரில் அவளுடைய தம்பி அஜந்தனைப் பொலிஸ் பிடித்து வைத்திருக்கிறது. தோட்டத்தில் விசாரித்து, அவள் தலைமறைவு என்று பாக்கியநாதன் ஓர் அறிக்கை எழுதித் தரவேண்டும். இன்று சனிக்கிழமை. மாலை நான்கு மணிக்கு அதை வாங்க அவரே பெல்மதுளைக்கு வருகிறார். திங்கள் காலை அஜந்தனைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த வருடங்களில் அப்படிப் போன தமிழ்ப் பையன்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதைத் தோட்டத்தில் யாரும் விரல் மடித்துப் பார்க்க விரும்புவதில்லை.

"காணாமப் போன ஆளைத் தேடித் தாங்கன்னு கேட்டு வருவாங்க," என்றாள் றம்ஸியா. "கிடைக்கலன்னு எழுதித் தாங்கன்னு கேட்டு வந்த மொத ஆள் இவருதான் சேர்."

பாக்கியநாதன் நின்று அவளைப் பார்த்தார். பிறகு வேகமாக நடந்தார். அவர் வேகமாக நடந்தால் கேள்வி உள்ளே போய்விட்டது என்று றம்ஸியாவுக்குத் தெரியும்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் கபூர் அவர்களை உட்காரச் சொன்னார். பையனை அடிக்கவில்லை, அடிக்க விடவும் இல்லை என்றார். அவன் கையில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் காய்ப்பைத் தவிர எதையும் தான் காணவில்லை என்றும் சொன்னார். ஆனால் முறைப்பாடு கொடுத்தவர் பெரிய ஆள். திங்கள் காலைக்குள் அந்தக் கதை பொய் என்று காட்ட ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் தன்னால் முடியாது.

அஜந்தனுக்குப் பத்தொன்பது வயது. கம்பிக்கு அப்பால் குந்தியிருந்தான். அவன் சொன்னது ஒன்றுதான்.

"அக்கா அந்தப் ப்ளேன்லதாங்க வந்துச்சு. எங்க தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். ஸ்டோருல போயிக் கேளுங்க."

"பேர் பட்டியல்ல இல்லையே தம்பி?"

"பட்டியல் அவுங்க எழுதுறது. முடிச்சு நாங்க போட்டது."

தோட்டத்துக்கு ஏறும் பாதை நெடுகக் கொழுந்து மலை. கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள், மருதாயி வீடு எது என்று கேட்டதும் கடைசி வீட்டு வரிசையான லயத்தைக் கையால் காட்டினார்கள். வாயால் பேசவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு வழி கேட்டால் இரண்டு பேர் கூடவே வருவதுதான் தோட்டத்து வழக்கம். இங்கே ஒருவரும் அசையவில்லை.

மருதாயியின் ஒற்றை அறைக் காம்பராவில் அடுப்பு எரியவில்லை. அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது. யாரோ ஒருத்தி வாசலில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள் என்று றம்ஸியா கண்டுகொண்டாள். ஊரே ஒதுக்கும்போதும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி வைக்க ஒரு கை இருக்கிறது. அந்த ஒரு கையை நம்பித்தான் இந்த உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மகளைப் பற்றிக் கேட்டார்கள். தன் பிள்ளை திருடவில்லை, ஓடவில்லை, கடலுக்குள் கிடக்கிறாள் என்றாள் மருதாயி. கருமாதி செய்யக்கூட உடல் இல்லை, பெயரும் இல்லை. கொழும்புக்கு டெலிபோன் எடுத்தால் அப்படி ஒரு ஆள் ஏறவே இல்லை என்கிறார்கள்.

பிறகு தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்தக் கைதான் சாமி. இந்தக் கையாலதான் எம் புள்ளைய கொன்னேன். முனிக்குக் கட்டுனதை அவுத்தேன். அதான் அது கோவிச்சுக்கிட்டு புள்ளைய எடுத்துக்கிச்சு. ஊரு சொல்றது நெசந்தான்."

பாக்கியநாதன் அவள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தார்.

"எதைக் கட்டினீங்க? எதை அவிழ்த்தீங்க?"

அவள் கையைத் தாழ்த்தினாள். ஸ்டோர் இருந்த திசையில் தலையை ஆட்டினாள்.

ஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலை. அங்கே கொழுந்தை உருட்டும் பெரிய சக்கரங்கள், தோட்டத்துப் பேச்சில் ரோதைகள், வரிசையாக நின்றன. மூலையில் ஒரு கல், ஒரு சூலம், ஒரு விளக்கு. அவர்தான் ரோதை முனி. இயந்திரத்தில் கை அகப்படாமல் காக்கிற சாமி. அவருக்குப் பூசை வைக்கிறவர் ரோதை ஓட்டும் பழனியாண்டி. மேலெல்லாம் தேயிலைத் தூசி, நெற்றியில் மட்டும் திருநீறு.

துப்பறிய வந்த ஆட்கள் என்று தெரிந்ததும் அவர் ஒரு முறைப்பாட்டோடு தொடங்கினார்.

"மொதல்ல அந்தச் சேவலைக் கண்டுபுடிச்சுக் குடுங்க."

"எந்தச் சேவல்?"

"முனிக்கு ஒரு சேவல் பாக்கிங்க. ரெண்டு பேசுனாங்க, ஒண்ணுதான் குடுத்தாங்க. வெளையாட்டா அது?"

றம்ஸியா குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். "காணாமப் போனது சேவல். நிறம் என்ன, கடைசியா எங்க பார்த்தீங்க?"

"றம்ஸியா," என்றார் பாக்கியநாதன். அவள் புத்தகத்தை மூடினாள். அவர் பழனியாண்டியின் பக்கம் திரும்பினார். "இல்ல, முழுசா சொல்லுங்க ஐயா. சேவல்லேருந்தே தொடங்குங்க."

பழனியாண்டி சொன்னார். ரோதை என்றால் ஸ்டோரில் சுற்றுவது மட்டுமில்லை. ரயிலும் ரோதைதான், ப்ளேனும் ரோதைதான். தோட்டத்துப் பெண்கள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து, ப்ளேன் ஏறுகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முடிச்சு. மஞ்சள் துணியில் ஒரு காசு. ஆளுக்கொரு முடிச்சு, ப்ளேன் கிளம்புமுன் முடிச்சுக்கொரு சேவல். ஆள் வீடு வந்து சேர்ந்த பிறகு அந்த ஆளே வந்து முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

விஜயகலா யாழ்ப்பாணத்திலிருந்து சொல்லி அனுப்பினாள். 'நானும் பெரியம்மாவும் வியாழக்கிழமை ப்ளேனில் வருகிறோம், முனிக்கு முடிச்சுப் போடுங்கள்' என்று. பெரியம்மா என்பது கிருஷ்ணராஜின் மாமியார். முன்பின் பார்க்காத அந்தக் கிழவிக்காகவும் மருதாயி ஒரு காசு முடிந்தாள். இரண்டு முடிச்சு, இரண்டு சேவல்.

"வேற யாரோ ஊட்டு அம்மாவுக்கு நாம எதுக்குச் சேவல் குடுக்கணும்னு நானே கேட்டேங்க. ஒரே ப்ளேன்ல ஏறுறவங்க, நம்ம புள்ளைய மட்டும் காப்பாத்துன்னு சாமிகிட்ட எப்பிடிக் கேக்குறதுன்னு சொல்லிச்சு அது."

பாக்கியநாதன் குடையைச் சுவரில் சாய்த்தார். அவர் முகம் மாறியிருந்தது.

"அப்புறம் ஒரு முடிச்சை அவிழ்த்துட்டாங்க?"

"அவுத்துருச்சு. அந்தம்மா ப்ளேன்ல வரலயாம், எம் மக மட்டும் வர்றான்னு வந்து நின்னுச்சு. கட்டுனது கட்டுனதுதான், அவுத்தா முனி சும்மா இருக்காதுன்னு சொன்னேன். ஏறாத ஆளுக்கு முனி எதுக்குக் காவல் நிக்கணும், அந்தக் காவலும் எம் புள்ளைக்கே நிக்கட்டும்னு அதுவே அவுத்துருச்சு. இப்பப் பாத்தீங்களா?"

"எந்த நாள் அது?"

"திங்கக்கெழம விடிய. ஞாயித்துக்கெழம ஸ்டோரு பூட்டுங்க. ரோதை சுத்த ஆரம்பிச்சுட்டா முடிச்சைத் தொடப்படாது. அதனால ஆறு மணிச் சங்கு ஊத முந்தி வந்துச்சு."

"விமானம் விழுந்தது?"

"அந்த வெயாழக்கெழம."

சூலத்தின் பின்னாலிருந்த கம்பியில் ஒரு மஞ்சள் முடிச்சு தொங்கியது. பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கம்பி மஞ்சளேறியிருந்தது.

"சேர்," என்றாள் றம்ஸியா மெதுவாக. "ஆபத்து வரப் போறதுன்னு எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு கம்பனி சொல்லுது. ஆனா மாமியார் மட்டும் மூணு நாளைக்கு முந்தியே இறங்கிட்டா."

"இறங்கல. இறக்கிட்டாங்க."

அவர் நேராக மருதாயியிடம் திரும்பிப் போனார். தான் வேறு வேதக்காரன், முனியைப் பற்றிப் பேசத் தனக்கு உரிமையில்லை, ஆனாலும் ஒன்று சொல்லலாமா என்று கேட்டார். அவள் தலையசைத்தாள்.

"ஊரான் வீட்டுக் கிழவிக்கும் சேத்து காசு முடிஞ்ச கை இது தாயி. இந்தக் கை மேல எந்தச் சாமிக்கும் கோவம் வராது. நீங்க அவிழ்க்கல. அவிழ்க்க வெச்சவன் ஒருத்தன் இருக்கான். அவனை இன்னைக்கு நாலு மணிக்குப் பாக்கப் போறேன்."

இரண்டு செய்திகளும் சந்தியில் உள்ள முக்தாரின் கடைக்கு டெலிபோனில் வந்தவை என்று மருதாயி சொல்லியிருந்தாள். முக்தாரின் கடையில் முன்பக்கம் மளிகை, நடுவில் மூன்று மேசை போட்ட தேத்தண்ணிக் கடை, மூலையில் டெலிபோன் பெட்டி. தோட்டத்து ஆட்களுக்கு வரும் செய்தியைக் கேட்டு வைத்துச் சொல்வதற்கு அவர் ஒரு சதமும் வாங்குவதில்லை.

றம்ஸியா அவரை அண்ணன் முறையில் நானா என்று அழைத்தாள், அவர் ஊர் கேட்டார், மாவனெல்லை என்றாள், அவருடைய மச்சான் ஒருவர் அவளுடைய உம்மாவின் பக்கத்துத் தெரு என்று தெரிந்தது. அதற்குப் பிறகு எல்லாம் எளிதாக இருந்தது. டெலிபோன் எடுத்தது வெண்நாரைக் கம்பனியின் கொழும்பு அலுவலகத்தில் வேலை செய்யும் சரோன் என்ற பெண். பலாலிக் கிளையோடு பேசும்போது விஜயகலா சொல்லும் செய்தியை வாங்கி இங்கே சொல்வாள். இரண்டாவது செய்தி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மருதாயி அன்று அரிசி வாங்க வந்திருந்ததால் கையோடு சொல்லிவிட்டதாக முக்தார் சொன்னார்.

அந்த நம்பர் அவரிடம் இருந்தது. சனிக்கிழமை அரைநாள். சரோன் அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில் அகப்பட்டாள். பத்து நிமிடம் பேச மறுத்தாள். வேலை போய்விடும் என்றாள். றம்ஸியா பகிடி ஒன்றும் விடவில்லை. திங்கட்கிழமை ஒரு பையனைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

மறுமுனையில் அழுகை கேட்டது. பிறகு சரோன் சொன்னாள்.

விமானம் விழுவதற்கு முந்திய சனிக்கிழமை கைத்தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஒட்டியபடியே கிருஷ்ணராஜிடம் கொடுத்தாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி கழித்து வந்து, மாமி ப்ளேனில் வரவேண்டாம், கப்பலுக்கு மாற்று என்றார். அந்தப் பிள்ளையையும் மாற்றவா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றார். மாமியாருக்குப் பாதுகாப்பு அமைச்சில் எடுத்திருந்த அனுமதி 'ஓர் அம்மாவும் ஓர் உதவியாளும்' என்று ஒரே தாளில் இருந்தது. அந்த உதவியாளுக்குப் பெயரே எழுதப்படவில்லை; அந்தத் தாளைக் காட்டித்தான் விஜயகலா ஏறினாள். விமானம் விழுந்த அன்று மாலை, பத்திரிகைக்குப் போகவிருந்த பட்டியலிலிருந்து அந்தத் தாளை அவரே உருவி எடுத்தார்.

"கடிதத்துல என்ன இருந்துச்சுன்னு அவருதான் சொல்லணும். ஆனா அடுத்த நாள் வேற கம்பனிக்காரங்க டெலிபோன் எடுத்து, உங்களுக்கும் அந்த மெரட்டல் வந்துச்சா, நாங்க பறக்கலன்னு சொன்னாங்க. எங்களுக்கு ஒண்ணும் வரலன்னு இவரு சொன்னத நான் கேட்டேன்."

றம்ஸியா டெலிபோனை வைத்தாள். குறிப்புப் புத்தகத்தைப் பாக்கியநாதன் பக்கம் திருப்பினாள்.

"இதைக் கபூர் சேர்ட்ட குடுத்தா போதுமா?"

"போதாது," என்றார் பாக்கியநாதன். "ஒரு முடிச்சு, ஒரு சேவல், பயந்த பிள்ளை ஒருத்தி. திங்கக்கிழமைக்குள்ள அவளைக் கூப்பிட்டு மிரட்டினா அவ ஒண்ணும் தெரியாதுன்னுடுவா. அவர் வாயாலயே வரணும்."

நான்கு மணிக்குக் கிருஷ்ணராஜின் கார் வந்து நின்றது. கடையில் கூட்டம் இல்லை. மாவு வாங்க வந்த ஒரு தோட்டத்துப் பெண் முன்பக்கம் நின்றாள். பின் மேசையில் ஒருவர் தொப்பி போட்டு, முதுகைக் காட்டியபடி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

கிருஷ்ணராஜ் வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு. அறிக்கை தயாரா என்று கேட்டார். இந்த மலையெல்லாம் ஏறி இறங்கிக் களைத்திருப்பீர்கள் என்று பரிவோடு விசாரித்தார். கெட்டவன் கெட்டவனாகவே பேசினால் எவ்வளவு எளிது. பெரும்பாலும் அவர்கள் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள்.

"அறிக்கை தேவைப்படாதுங்க," என்றார் பாக்கியநாதன் உரக்க. "விஜயகலா கிடைச்சிட்டா. உயிரோட இருக்கா. உங்க மாமியார் வந்த அதே கப்பல்ல திருகோணமலைக்கு வந்திருக்கா."

மாவுப் பொட்டலம் ஒன்று பலகையில் விழும் சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள். பாக்கியநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண் கிருஷ்ணராஜின் முகத்தில் இருந்தது.

பொருளைப் பறிகொடுத்தவன், திருடி அகப்பட்டாள் என்றதும் பொருள் எங்கே என்று கேட்பான். கிருஷ்ணராஜ் சங்கிலியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"அது நடக்காத காரியம்," என்றார். "அவள் கப்பலிலை வரேல்லை."

"எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாமலோ? அவளைப் பெட்டியளோடை ஏத்திப்போட்டுத்தான் பலாலியிலையிருந்து எனக்கு டெலிபோன் எடுத்தவங்கள்."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது போலிருந்தது. கோப்பையைக் கீழே வைத்தார். தேத்தண்ணி சிந்தியது.

"எதில ஏத்தினாங்க?" என்று கேட்டாள் றம்ஸியா.

கிருஷ்ணராஜ் கைக்குட்டையை எடுத்து மேசையைத் துடைத்தார்.

பாக்கியநாதன் மேசைக்கு மேல் குனிந்தார். தோட்டத்தில் பேசிய குரல் அல்ல இப்போது.

"முழங்கால் முடியாத அம்மாவை ஒரு நாள் பூரா கப்பல்ல தனியா அனுப்பினீங்க. பார்த்துக்கத்தான் போன பிள்ளையை ப்ளேன்ல அனுப்பினீங்க. ஏன்?"

"மாமியின்ரை ரெண்டு பெட்டி. கப்பலிலை விடமாட்டாங்கள். பெட்டிக்கு ஒரு ஆள் வேணும்தானே." அவர் சட்டென்று கோபப்பட்டார். "நீங்கள் என்ன கதைக்கிறியள்? இப்பிடிக் கடிதம் மாசத்துக்கு ரெண்டு வரும். ஒவ்வொரு கடிதத்துக்கும் பிளேனை நிப்பாட்டினால் கம்பனி நடத்தேலாது. நான் அதை நம்பேல்லை."

"நம்பல. சரி. அப்ப மாமியார் பேரை மட்டும் ஏன் வெட்டினீங்க?"

கிருஷ்ணராஜ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"சுட்டவன் ஆண்டவனுக்குப் பதில் சொல்லட்டும், அவனை நான் மன்னிக்கல. ஆனா சுடுவான்னு எழுதி வந்த கடிதத்தைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டு, உங்க வீட்டு ஆளை மட்டும் இறக்கிட்டு, மிச்ச சனத்துக்குப் பல்லைக் காட்டி டிக்கட் வித்திருக்கீங்க. கைக்குழந்தை இருந்துச்சு அந்தப் பட்டியல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, போறதா இல்லையான்னு அதுங்க முடிவு பண்ணியிருக்கும். அது அவங்க உயிரு. முடிவு பண்ற உரிமையையும் சேத்துத் திருடிட்டீங்க. அதும் போதாம, செத்தவளைத் திருடின்னு சொல்லி அவ தம்பியையும் உள்ள போட்டீங்க. ஏன்னா அவ அந்தப் ப்ளேன்ல இருந்தான்னு தெரிஞ்சா, உங்க மாமியார் ஏன் இல்லைன்னு நாலு பேரு கேப்பாங்க."

பாக்கியநாதன் கையை மடக்கினார். அதை மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். இருபது வருடங்களாக ஒருவரையும் அவர் அடித்ததில்லை. அன்று அடிக்காமல் இருந்தது அவருடைய பொறுமை அல்ல, தேவகிருபை.

பின் மேசை ஆள் எழுந்து போய்க் கை கழுவினார். தொப்பியைக் கழற்றினார். இன்ஸ்பெக்டர் கபூர்.

"ரொட்டி நல்லம் முக்தார்," என்றார். பிறகு கிருஷ்ணராஜிடம், முறைப்பாட்டைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது, நிலையம் வரைக்கும் வர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

கிருஷ்ணராஜ் எழும்போது கடிகாரத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை சேவை மறுபடி ஆரம்பிக்கிறது, எல்லா இடமும் விற்றாகிவிட்டது, அதற்குள் தான் கொழும்பில் இருக்கவேண்டும் என்றார். றம்ஸியா டெலிபோன் பெட்டிக்குப் போய், பத்திரிகைகளின் நம்பர் இருந்த தாளை விரித்து வைத்துக்கொண்டு முதல் நம்பரைச் சுழற்றத் தொடங்கினாள். சரோனின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று அவளுக்குத் தெரியும்.

ஐந்தேகாலுக்கு அஜந்தனை விட்டார்கள்.

பாக்கியநாதன் நிலையத்துக்கு எதிரே நின்றார். பையன் வாசலில் செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு வீதியைக் கடந்து ஓடி வந்தான். பன்னிரண்டு நாள் அடைபட்டுக் கிடந்தவனின் முகம் அப்படி மின்னும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா எப்பங்க வருது?"

பாக்கியநாதனுக்கு விளங்கவில்லை.

"கிடைச்சிருச்சாமே. திருகோணமலையில இருக்காமே. எதிர்க் காம்பரா அக்கா மாவு வாங்க வந்தவங்க, நேரா பொலிசுக்கு ஓடியாந்து சன்னல்ல நின்னு கத்திட்டுப் போனாங்க. ஒங்க வாயாலயே கேட்டாங்களாம்."

றம்ஸியா கடைவாசலில் நின்றுவிட்டாள். உலகத்தில் எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொய் சொல்லாதே என்று தான் முப்பது வருடமாக ஞாயிறுப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது பாக்கியநாதனுக்கு அப்போது நினைவு வரவில்லை. அந்தக் கைகள் தன் கைகளை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன என்பது மட்டும் தெரிந்தது. உன்னை வெளியே எடுக்கத்தான் சொன்னேன் என்று ஆரம்பிக்கலாம். அதுவும் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற பேச்சுத்தான்.

"இல்ல தம்பி. அது பொய். நான் சொன்ன பொய். அந்த ஆள் வாயைத் திறக்கிறதுக்காகச் சொன்னேன். அக்கா அந்த ப்ளேன்லதான் வந்தா. நீ சொன்னதுதான் உண்மை."

அஜந்தன் கைகளை விடவில்லை. முகத்தில் மட்டும் வெளிச்சம் அணைந்தது. அழவில்லை. அவன் கண்கள் பாக்கியநாதனைத் தாண்டி, மேலே, மலைப் பாதைக்குப் போயின.

"அந்த அக்கா இப்ப எங்க போறாங்க தெரியுங்களா?"

அவர் கேட்கத் தேவையில்லை. மாவு மூட்டைகளை ஏற்றி முடித்து அப்போதுதான் கிளம்பிய தோட்டத்து லொறி ஒன்று முதல் வளைவைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் சாக்குக்கு மேலே நின்ற ஒரு பெண், வழியில் கண்ட ஒவ்வொருவரையும் கைதட்டிக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்ற பெண்கள் கூடையை இறக்கிவிட்டு லொறியின் பின்னால் ஓடத் தொடங்கினார்கள். மூன்று வாரமாக மருதாயியின் வாசலை மிதிக்காத கால்கள், இப்போது அவள் மகள் உயிரோடு இருக்கிறாள் என்ற நல்ல சேதியைச் சொல்ல முந்திக்கொண்டு ஓடின.

"லயத்துக்கு எத்தனை வளைவு?" என்று கேட்டார் பாக்கியநாதன்.

"ஏழுங்க."

"குறுக்குப் பாதை இருக்கா?"

"கவ்வாத்து மலைக்கு ஊடால ஏறலாம். ஒங்களால முடியாதுங்க. செங்குத்து."

பாக்கியநாதன் குடையை முக்தாரின் கடைப் பலகையில் எறிந்தார். சப்பாத்தைக் கழற்றினார். அஜந்தன் முன்னால் ஓடினான், றம்ஸியா சேலையை வரிந்துகொண்டு அவன் பின்னால். அவர் வெட்டிவிட்ட தேயிலைக் கட்டைகளைப் பிடித்து, முழங்காலும் கையுமாக ஏறினார். வலப்பக்கம் பாதையில் லொறியின் ஹோர்ன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, கல்யாண வீட்டுக்குப் போகிற லொறி போல.